ஒரு விரற்கடை பனி

சிரில் ட்ரான்டரின் கட்டில் மாடியறையிலிருந்து முன்னறைக்கு இறங்கிய அன்றே ஹாலிவெல் தெரு முழுக்க விஷயம் பரவிவிட்டது. எங்கள் தெருவில் கட்டில் கீழே இறங்கினால் ஆள் மறுபடி மேலே ஏறுவதில்லை. இதுவரை ஒருவர்கூட விலக்கில்லை. எதிர்வீட்டு பெரில் சிஸன் ஜன்னல் திரையை இரண்டு விரலால் விலக்கிப் பிடித்து, தூக்கியவர்கள் எத்தனை பேர், மெத்தையில் கறை எத்தனை என்பதுவரை பார்த்து முடித்துவிட்டு, ஒரு தட்டு ரொட்டிப் புட்டிங்கைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். அதில் அனுதாபம் ஒரு பங்கு, விசாரணை மூன்று பங்கு.

“கால் முழுசாப் போயிடுச்சா நோரா, இல்ல பாதியா?” என்று வாசலிலேயே ஆரம்பித்தாள்.

“தட்டைக் குடு கண்ணு. மழையில நனையுது” என்றாள் சிரிலின் மனைவி நோரா.

இடது கையும் இடது காலும் முழுசாகத்தான் போயிருந்தன. ஜனவரியில் வந்தது பக்கவாதத்தின் இரண்டாவது அடி. நாக்கு கொஞ்சம் தடித்துவிட்டது. நேற்று மதியம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் சிரில் கூரையைப் பார்ப்பார். ஆனால் நாற்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார்ல்தோர்ப் டீசல் ஷெட்டின் நாலாவது தடத்தில் எந்த இன்ஜின் நின்றது, அதற்குப் பின்னால் எது நின்றது என்று கேட்டால் ஒரு எண் பிசகாது. கடவுள் எடுத்துக்கொள்வதை எடுத்துக்கொண்டு, யாருக்கும் வேண்டாததை விட்டுவைத்திருக்கிறார் என்றாள் பெரில்.

யாருக்கும் வேண்டாதது என்று சொல்லிவிட முடியாது. கார்ல்தோர்ப் ரயில் ஆர்வலர் சங்கத்துக்கு அது வேண்டும். வியாழக்கிழமைதோறும் மெதடிஸ்ட் ஹாலில் இருபத்தாறு ஆண்கள் ஆளுக்கொரு பிளாஸ்க்கோடு உட்கார்ந்து, சுவரில் விழும் இன்ஜின் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அந்தப் படங்களில் பாதி சிரிலுடையவை. கார்ல்தோர்ப்புக்கு நிலக்கரி இன்ஜின்கள் போய் டீசல் இன்ஜின்கள் வந்த காலத்தில், முதல் இரண்டு வருடம் எடுத்த நூற்றுப் பன்னிரண்டு படங்கள். அதற்குப் பிறகும் நாற்பது வருடம் ஆயிரக்கணக்கில் எடுத்தார். ஆனால் சங்கத்தில் எல்லோரும் ‘ஆரம்பப் படங்கள்’ என்று சொல்வது அந்த நூற்றுப் பன்னிரண்டைத்தான். சிரில் இருக்கும்போதே அதைப் புத்தகமாகப் போட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ‘இருக்கும்போதே’ என்ற சொல்லைத் தீர்மானத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று ஒரு வாரம் விவாதமும் நடந்தது.

ஆகவே செவ்வாய்க்கிழமைதோறும் டெஸ்மண்ட் பாஸ்க் வர ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மேல்சட்டையில் பதினான்கு பைகள்; ஒவ்வொன்றிலும் ஒரு பேனா. கூடவே ஒரு மடிக்கணினி, நெகட்டிவைத் திரையில் படமாக்கிக் காட்டும் ஒரு சின்னப் பெட்டி. கட்டிலருகே சீட்டாட்ட மேசையைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் கீழே போட வேண்டிய வரிகளைச் சிரில் சொல்லச் சொல்ல எழுதுவார்.

“டி 4588. கிழக்குப் பக்கம், ரெண்டாவது தடம். அறுபத்தொண்ணு ஏப்ரல் பதினாறு, ஞாயிறு. வெயில். லேசாக் காத்து.”

“காத்தையும் எழுதணுமா சிரில்?”

“புகை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருய்யா. காத்தில்லாமலா சாயும்?”

“சரி. வந்தது?”

“அறுபது நவம்பர்.”

“போனது?”

“எழுபத்தஞ்சு ஜூன். அந்தப் பாவிங்க துண்டு துண்டா வெட்டிட்டாங்க.”

வந்தது, போனது. சங்கத்தில் அப்படித்தான் எழுத வேண்டும். இன்ஜின் தொழிற்சாலையிலிருந்து வந்த தேதியும், பழைய இரும்புக்குப் போன தேதியும் இல்லாத படம் படமே இல்லை. சில நாள் மத்தியானத்துக்குள் பத்துப் படம் முடியும். சில நாள் ஒரு படத்தில் தூரத்தில் தெரிகிற வாளி யாருடையது என்பதிலேயே பொழுது போய்விடும்.

நோரா நடுநடுவே வந்து சிரிலைப் புரட்டிப் படுக்க வைப்பாள், வாயோரம் துடைப்பாள், தேநீர் வைப்பாள். புதினாச் சாறு விட்ட பட்டாணி மசியலைக் கரண்டியில் ஊட்டும்போதுகூட எண்கள் நிற்காது; பட்டாணியோடு சேர்ந்து வெளியே வரும்.

“ஆரம்பப் படங்கள்ல ஒரு கண்ணு இருக்கு நோரா” என்று டெஸ்மண்ட் அவளிடம் விளக்கினார். “இன்ஜின் மூக்கு சரியா மூலையிலேர்ந்து, சூரியன் முதுகுக்குப் பின்னால, ஒரு ஆள்கூட குறுக்கே இல்லாம. பின்னால எடுத்ததெல்லாம் குறை சொல்ல முடியாது, நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கை அதுக்கப்புறம் வரல. ஏன்னு எங்களுக்கே புரியல.”

“வயசாகுதில்ல” என்று சொல்லிவிட்டு நோரா காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தக் கை அவளுடையது. இது தெருவில் யாருக்கும் தெரியாது. பெரிலுக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நாளில் சிரில் சிக்னல் கேபினில் வேலை. புது டீசல்கள் வார நாளில் நிலக்கரி வண்டிகளை இழுத்துக்கொண்டு அலையும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லாம் ஷெட்டுக்கு வந்து வரிசையாக நிற்கும். அறுபத்தொன்று மார்ச்சில் சிரிலுக்கு ஞாயிறு வேலை விழுந்தது, காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு. சோறு இறங்கவில்லை மனிதனுக்கு. கடைசியில் பெட்டிக் கேமராவை மனைவியின் கழுத்தில் மாட்டி, சமையலறை மேசையில் உப்பு ஜாடியை இன்ஜினாக வைத்துப் பாடம் நடத்தினார். சூரியன் உன் முதுகுக்குப் பின்னால். எண் தெரிய வேண்டும். சக்கரம் தெரிய வேண்டும். ஆள் வரக்கூடாது. உன் நிழல் விழவே கூடாது. ஒரு சுருளுக்கு எட்டுப் படம்; எட்டும் இன்ஜின்.

ஷெட் வாசலில் கேட்காரர் ஹெர்பர்ட் ஓர்ம், புருஷனுக்குச் சாப்பாடு கொண்டு போகிற பெண்பிள்ளை என்று நினைத்து உள்ளே விட்டார். புருஷன் அங்கே வேலையிலேயே இல்லை என்று தெரிந்த பிறகும் விட்டார். முதல் வருடம் தனியாகப் போனாள். அறுபத்திரண்டு ஆகஸ்டிலிருந்து குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். வண்டி உருண்டால்தான் ஜூடித் தூங்குவாள். ஷெட் இரண்டு மைல் தூரம். இருவருக்கும் சௌகரியமாக இருந்தது.

குழந்தையை ஒரு படம் எடுத்திருக்கலாம். கேமரா கழுத்தில்தான் தொங்கியது. ஈஸ்டருக்குச் சிரிலின் தங்கை நல்ல கேமராவோடு வருவாள், அப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டார்கள். எட்டில் ஒன்றை வீணாக்குவானேன்.

ஜூடித் ஈஸ்டரைப் பார்க்கவில்லை.

அந்தக் குளிர்காலம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விழுந்த பனி மார்ச்சில்தான் உருகியது. டிரென்ட் ஆற்றின் ஓரமெல்லாம் உறைந்து கிடந்தது. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, கேபின் தொலைபேசியில் சிரிலுக்குச் செய்தி வந்தது: டி 4613 ஷெட்டில் நிற்கிறது, புது வகையில் செய்த முதல் இன்ஜின், நாலு நாளில் வடக்கே போய்விடும், திரும்பி வராது.

“புள்ளைக்கு மூக்கு ஒழுகுது சிரில்” என்றாள் நோரா.

“நல்லா மூடிக் கூட்டிட்டுப் போ. குளிர்காத்து பட்டா நல்லதுன்னு டாக்டரே சொல்றாரில்ல? ஒரே ஒரு ஞாயிறு நோரா. ஒரே ஒரு படம்.”

டாக்டர் அப்படிச் சொன்னது உண்மைதான். அப்போதெல்லாம் எல்லோரும் குழந்தை வண்டியைப் பனியில் வாசலில் நிறுத்தித்தான் தூங்க வைத்தார்கள். நோரா போனாள். எடுத்தாள். பதினாறு நாள் கழித்து நிமோனியா. குளிரில் போனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வீட்டிலேயே இருந்தாலும் வந்திருக்கும் என்று அதே டாக்டர் சொன்னார். நோரா அதை நம்பினாளா, சிரில் நம்பினாரா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் அவள் கேமராவைத் தொடவில்லை. அவர் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார்.

சுருளில் மூன்று படம் மிச்சம் இருந்ததால் அது கழுவப் போனது மே மாதம். வந்த படங்களை சிரில்தான் ஆல்பத்தில் ஒட்டினார். டி 4613 மட்டும் மற்றதைவிட ஒரு விரற்கடை குட்டையாக இருந்தது. கீழ்ப்பக்கம் கத்தரித்திருந்தது.

அன்று ஷெட்டில் இரண்டு பக்கமும் பனியை இடுப்பு உயரத்துக்கு ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு ஒற்றையடித் தடம். விலகி நிற்க இடமில்லை. முதுகுக்குப் பின்னால் தாழ்ந்த சூரியன். கேமராவுக்குள் குனிந்து பார்த்தபோது அவள் நிழலும் வண்டியின் நிழலும் நீளமாக, இன்ஜினின் சக்கரம்வரை பனியில் கிடந்தன. நிழல் விழக்கூடாதுதான். ஆனால் கை விறைத்துப்போயிருந்தது, குழந்தை இருமியது. அழுத்திவிட்டாள்.

ஜூடித்துக்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே படம் அந்த ஒரு விரற்கடைதான். நாற்பத்தோரு வருடமாக நோராவுக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான். கேட்டதில்லை. நெகட்டிவ்கள் மாடி அலமாரியில் பிஸ்கட் டப்பாக்களில் இருந்தன. சாவி அவருடைய இடுப்பில் இருந்தது. வருடாவருடம் பிப்ரவரி இருபத்தாறு அன்று அவள் தனியாகக் கல்லறைக்குப் போய் ஒரு பிடி பனித்துளிப் பூ வைத்துவிட்டு வருவாள். அன்றைக்குப் பார்த்து சிரிலுக்கு எங்கேயாவது ஒரு ஷெட்டில் ஒரு இன்ஜின் நிற்கும். அந்தத் தேதி அவருக்கு நினைவிருக்கிறதா என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

மார்ச் முதல் செவ்வாய் டெஸ்மண்ட் ஆல்பத்தில் அந்தப் பக்கத்துக்கு வந்தார். வந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“இதான் சிரில். இத நீங்க ஹால்ல காட்டினதே இல்லையே. இதான் புத்தகமே. 4613 இங்க வந்ததே இல்லன்னு நாப்பது வருசமா ஒரு கோஷ்டி சாதிக்குது. இத நடுப்பக்கத்துல போட்டு அவங்க வாய அடைக்கணும்.”

“போடு.”

“ஆனா சக்கரம் பாதி இல்லையே.”

சிரில் நல்ல கையால் போர்வையை மேலே இழுத்துக்கொண்டார்.

“ஏன் வெட்டினீங்க? சக்கரமில்லாத இன்ஜின நடுப்பக்கத்துல போட்டா லிங்கன் ஊர்லேர்ந்து எப்பவும் குத்தம் கண்டுபிடிச்சு எழுதுற அந்த ஆளு காறித் துப்புவாரு. நெகட்டிவ் இருக்குமே?”

“கெட்டுப்போச்சு” என்றார் சிரில். “ஈரம்.”

நோரா கையில் பட்டாணிக் கிண்ணத்தோடு கதவருகே நின்றாள். நாற்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவர் பொய் சொல்லி அவள் கேட்டது குறைவு. சொன்னால் காது மடல் சிவக்கும். இப்போது வலது காது மட்டும் சிவந்தது. இடது பக்கம் செத்துவிட்டதே.

அன்று சாயங்காலம் பெரில் தட்டைத் திரும்ப வாங்கும் சாக்கில் வந்தாள். கழுவி வைத்திருந்த தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“வாத்தியார் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனாரே. என்னவாம்?”

“ஒரு நெகட்டிவ் வேணுமாம். கெட்டுப்போச்சுன்னுட்டாரு சிரில்.”

“கெட்டுப்போச்சா இல்லையான்னு போய்ப் பாக்க வேண்டியதுதானே? சாவி இப்ப யார்கிட்ட?”

நோரா திரும்பிப் பார்த்தாள். மருத்துவமனையில் அவருடைய உடுப்பை அவிழ்த்துக் கொடுத்தபோது சாவியும் அவள் கைக்கு வந்திருந்தது. இரண்டு மாதமாகச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் கிடக்கிறது. அதைத் தொட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

“அவரோட அலமாரி அது” என்றாள்.

“அவரோடதுதான். அவரால இனி ஏற முடியுமா?” பெரில் இதை ஆறுதலாகத்தான் சொன்னாள் என்று வைத்துக்கொள்வோம்.

புதன் மத்தியானம் சிரில் கண்ணயர்ந்ததும் நோரா மேலே போனாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. பதினெட்டு டப்பாக்கள், ஒவ்வொன்றின் மேலும் வருடம். ஒவ்வொரு உறையிலும் அவருடைய சின்னக் கையெழுத்து. ஈரமாவது ஒன்றாவது, கோயில் நகை மாதிரி பத்திரமாக இருந்தன. அறுபத்து மூன்றில் ஐந்தாவது உறையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். பனி கறுப்பாக இருந்தது. இன்ஜின் வெளிறிப் பிசாசு போல் இருந்தது. கீழே ஒரு வெள்ளைக் கறை. அவ்வளவுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள்; அப்போதும் அதே கறைதான்.

கீழே வந்தபோது சிரில் விழித்திருந்தார்.

“மேல யாரு நடந்தா?”

“நான்தான்.”

“அலமாரியத் தொட்டியா?”

“தொட்டேன்.”

“எத்தனாவது டப்பா?”

“நீ கெட்டுப்போச்சுன்னு சொன்ன டப்பா.”

அவள் அவருடைய தலையணையைத் தட்டிச் சரி செய்தாள். அவர் நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அத வெளிய விட்டா டெஸ்மண்ட் கண்டுபிடிச்சுருவான் நோரா. அவன் வாளி யாருதுன்னு கண்டுபிடிக்கிற ஆளு. பாவாடை நிழலப் பாத்தா யார் எடுத்ததுன்னு தெரியாதா? முப்பது வருசமா அந்த ஹால்ல என் பேரச் சொல்லிக் கை தட்டிருக்காங்க.”

“தெரியும்.”

“நான் சொல்லணும்னுதான் இருந்தேன். மொத தடவ யாரோ நீ எடுத்ததான்னு கேட்டப்ப ஆமான்னுட்டேன். அப்புறம் எப்படிச் சொல்றது?”

“பேரு எனக்கு எதுக்கு சிரில்? பேர நீயே வச்சுக்க. எனக்கு நீ வெட்டினது மட்டும் வேணும்.”

“நிழல் விழுந்துச்சு. அதான் வெட்டினேன்.”

“நிழல் விழுந்ததாலயா?”

அவர் கையை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினார். இரவு பட்டாணி வேண்டாம் என்றார்; வியாழனும் வேண்டாம் என்றார். மெதடிஸ்ட் ஹாலிலிருந்து எல்லோரும் கையெழுத்துப் போட்ட அட்டை ஒன்று வந்தது. நோரா அதை அவர் பார்வை படுகிற இடத்தில் நிறுத்தி வைத்தாள். ‘எங்கள் கண் நீங்கள்’ என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஐந்து நாள் படுத்திருந்தார். உறை அவளுடைய ஏப்ரன் பையில் இருந்தது. டெஸ்மண்டிடம் கொடுத்தால் மனிதருக்குக் கடைசியில் மிஞ்சியிருக்கிற ஒரே பெருமையும் போகும். கொடுக்காவிட்டால் இவர் போனதும் அந்த அலமாரி அப்படியே சங்கத்துக்குப் போகும். டப்பாவோடு டப்பாவாக ஜூடித்தும் போய்விடுவாள். ஒரு நாளைக்கு நாலு தடவை கொடுத்தாள். நாலு தடவை திரும்ப வாங்கிக்கொண்டாள், எல்லாம் மனசுக்குள்தான்.

செவ்வாய் வந்தது. டெஸ்மண்ட் வந்தார். பெரிலும் வந்தாள், தையல் ஊசி கேட்டு வந்தவள், ஊசி கிடைத்த பிறகும் உட்கார்ந்தே இருந்தாள். அதனால்தான் எங்களுக்கு இதெல்லாம் தெரியும்.

நோரா தேநீர்த் தட்டோடு வந்து, தட்டைக் கீழே வைத்துவிட்டு, உறையை எடுத்து மடிக்கணினியின் மேல் வைத்தாள். டெஸ்மண்ட் உறை மேலிருந்த எழுத்தைப் படித்தார். சிரிலைப் பார்த்தார். சிரில் கூரையைப் பார்த்தார்.

“கெட்டுப்போகலியா? சிரில், ஒரு கீறல்கூட இல்ல!”

பெட்டி முனகியது. திரையில் மேலிருந்து கீழாகப் படம் இறங்கியது. வெளுத்த வானம், ஷெட்டின் கூரை, இன்ஜினின் நீண்ட மூக்கு, எண், சக்கரம். டெஸ்மண்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் எழுப்பினார். பிறகு பனி. பிறகு நிழல்.

“அட” என்றார். “இதுக்குத்தான் வெட்டினீங்களா? இது ஒண்ணும் பெரிய விஷயமில்ல, சக்கரத்துக்குக் கீழ வரைக்கும் விட்டுட்டு மிச்சத்த எடுத்துரலாம். இல்லன்னா இப்ப கணினியிலயே நிழல அழிச்சுரலாம், பனி மாதிரியே ஆக்கிடலாம்.”

“வேணாம்” என்றாள் நோரா.

அந்த ஒற்றைச் சொல்லில் பெரில் ஊசியைக் கீழே போட்டுவிட்டாள்.

நோரா திரைக்கு அருகே போனாள். அவளுடைய நிழல் இருந்தது. இருபத்து நாலு வயது இடுப்பு, தலையில் கட்டிய துணியின் முடிச்சு. பக்கத்தில் வண்டியின் நிழல், பெரிய சக்கரங்கள், தூக்கிவிட்ட கூண்டு. கூண்டுக்குள் ஒன்றும் தெரியவில்லை. தெரியாது என்று அவளுக்கு முன்பே தெரியும். ஆனால் அது எடுத்த நேரத்தில் ஜூடித் உள்ளே இருந்தாள். மூச்சு விட்டுக்கொண்டு, மஞ்சள் கம்பளிக்குள்ளே.

டெஸ்மண்ட் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார். வாளியைக் கண்டுபிடிக்கிற முகம் வந்துவிட்டது.

“யாரு இந்த அம்மா? சிரில், உங்களுக்குப் பின்னால யாராச்சும் நின்னாங்களா?”

“நான்தான் அது” என்றாள் நோரா வேகமாக. “நான் பக்கத்துல நின்னேன். அவரு எடுத்தாரு.”

“அப்ப அவரு நிழல் எங்க?”

“அவரு... கொஞ்சம் தள்ளி நின்னாரு.”

“தள்ளி எங்க? சூரியன் நேர் பின்னால. கேமரா எங்க இருந்துச்சோ அங்கதான் நடு நிழல் விழும்.” டெஸ்மண்ட் பென்சிலால் திரையைத் தொட்டார். “தல குனிஞ்சிருக்கு. ரெண்டு முழங்கையும் வெளிய. வயித்துகிட்ட பெட்டிக் கேமராவப் பிடிச்சா இப்படித்தான்...”

பாதியில் நிறுத்திவிட்டார். வாத்தியாராக இருந்தாலும் மனிதர் முட்டாள் இல்லை.

“வெயில் ஒரு மாதிரி அடிச்சுது அன்னைக்கி” என்றாள் நோரா. “அவருதான் எடுத்தாரு. எனக்குக் கேமராவே பிடிக்கத் தெரியாது.”

“பொய் சொல்லாத புள்ள” என்றார் கட்டிலிலிருந்து சிரில். “உனக்கு வராது.”

தடித்த நாக்கால், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

“நான் கேபின்ல இருந்தேன் டெஸ்மண்ட். ஆறுலேர்ந்து ரெண்டு. எல்லாம் அவ எடுத்தது.”

“எது எல்லாம்?”

“அறுபத்தொண்ணு மார்ச்லேர்ந்து இது வரைக்கும். உங்களுக்குப் பிடிச்சதெல்லாம்.”

“நூத்திப் பன்னெண்டும்?”

“நூத்திப் பன்னெண்டும்.”

பெரில் மெல்ல “ஏசுவே” என்றாள். டெஸ்மண்ட் உட்கார்ந்தார். நோராவைப் பார்த்தார், இரண்டு மாதமாகத் தனக்குத் தேநீர் கொடுத்த பெண்ணிடம் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைப்பது எப்படி என்று விளக்கியது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கழுத்துவரை சிவந்தார். சிரிலைத் திட்டுவதா, நோராவிடம் மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல், கடைசியில் பதினான்கு பைகளில் ஒன்றிலிருந்து பேனாவை எடுத்து நோட்டைத் திறந்தார். சங்கடம் வந்தால் வேலையைப் பார்ப்பது அந்தச் சங்கத்தின் வழக்கம்.

“எழுதணுமே” என்றார் தரையைப் பார்த்து. “படத்துக்குக் கீழ.”

“எழுதிக்க” என்றார் சிரில். “டி 4613. தெற்கு முனை, ஒண்ணாவது தடம். அறுபத்திமூணு பிப்ரவரி பத்து, ஞாயிறு. வெயில். பனி. காத்தில்ல.”

“வந்தது?”

“அறுபத்திரெண்டு டிசம்பர்.”

“போனது?”

“எழுபத்தாறு ஆகஸ்ட். படம் நோரா ட்ரான்டர்.”

டெஸ்மண்ட் எழுதினார். முற்றுப்புள்ளி வைத்தார்.

“இன்னும் முடியல” என்றார் சிரில். வலது கையைப் போர்வையிலிருந்து எடுத்துத் திரையை நோக்கி நீட்டினார். “முன்னால வண்டியில. ஜூடித் ஆன் ட்ரான்டர்.”

பேனா நின்றது.

“எழுதுய்யா. வந்தது அறுபத்திரெண்டு ஜூலை முப்பது, திங்கள். காலம்பற நாலே கால்.”

டெஸ்மண்ட் எழுதினார். அடுத்த கேள்வியை அவர் கேட்கவில்லை, கேட்க முடியவில்லை. சிரிலே சொன்னார்.

“போனது அறுபத்திமூணு பிப்ரவரி இருபத்தாறு. செவ்வாய். ஏழு மாசம் முடிய இன்னும் நாலு நாள் இருந்துச்சு.”

அதற்கு மேல் அவருக்கு நாக்கு வரவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணி, சத்தமில்லாமல் அசைந்தது. நோரா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். துடைப்பதற்குத் துணியைத் தேடினாள், கிடைக்கவில்லை. ஏப்ரன் முனையால் துடைத்தாள். முதலில் அவர் முகத்தை. பெரில் எழுந்து, விடைகூடச் சொல்லாமல், கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே போனாள். அவள் வாழ்க்கையில் ஒரு நல்ல இடத்தில் பாதியில் எழுந்து போனது அந்த ஒரு தடவைதான்.

சிரில் ஜூன் மாதம் போனார். புத்தகம் செப்டம்பரில் வந்தது. நடுப்பக்கத்தில் டி 4613, வெட்டாமல், கீழே அந்த வரிகள் சொன்னது சொன்னபடி. அட்டையில் யார் பெயர் போடுவது என்று மெதடிஸ்ட் ஹாலில் மூன்று வியாழக்கிழமை சண்டை நடந்து, இரண்டு பேர் சங்கத்தை விட்டே விலகினார்கள். நோராவைக் கேட்க வந்தார்கள். இரண்டு பெயரும் போடுங்கள், எந்தப் பெயர் முதலில் வந்தாலும் பரவாயில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அக்டோபரில் டெஸ்மண்ட் வந்த கடிதங்களை ஒரு உறையில் போட்டு எடுத்து வந்தார். எங்கள் பக்கத்து ஆர்வலர்கள் பாராட்ட எழுத மாட்டார்கள். பிழை கண்டால் மட்டும் எழுதுவார்கள். பதினோரு கடிதங்கள். நடுப்பக்கத்தில் நிழல் விழுந்த படத்தைப் போட்டது சங்கத்துக்கே அவமானம் என்று லிங்கன்காரர் எழுதியிருந்தார். டி 4613 வந்தது டிசம்பர் இல்லை, ஜனவரி என்று மூன்று பேர் ஆதாரத்தோடு எழுதியிருந்தார்கள்.

“சிரில் ஒரு இன்ஜின் தேதியில தப்பு விட்டு நான் பாத்ததே இல்ல” என்றார் டெஸ்மண்ட். “அடுத்த பதிப்புல திருத்திரலாம்.”

நோரா ஒவ்வொரு கடிதமாக, பின்பக்கம்வரை திருப்பிப் படித்தாள். பதினொன்றும் முடிந்தது.

“கீழ இருக்கிற தேதியப் பத்தி யாரும் எழுதலியா?”

“இல்ல நோரா.”

“எழுத மாட்டாங்க” என்றாள். “அது சரியாத்தான் இருக்கு.”